மழைநீருக்கு ஒரு வழி, கழிவுநீருக்கு ஒரு வழி

ஆண்டு மலர் என்றால் அன்பைப் பற்றியும் கல்வியின் சிறப்பைப் பற்றியும் எழுதுவதே வழக்கம். இவ்வாண்டு நாங்கள் சாக்கடையைப் பற்றி எழுதப் போகிறோம் என்று சொன்னவுடன் தோழியர் சிலர் மூக்கைப் பொத்திக்கொண்டனர். "வேறு தலைப்பே கிடைக்கவில்லையா?" என்று கேட்டவரும் உண்டு. கிடைத்தது. ஆனால் இந்தத் தலைப்பு எங்களை விடவில்லை. ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

2023-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 3, 4 ஆகிய நாள்களில் 'மிக்ஜாம்' புயல் சென்னையை ஒட்டிக் கடந்து சென்றபோது கொட்டிய மழையை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. பள்ளிக்கு விடுமுறை. மின்சாரம் இல்லை. எங்கள் தெருவில் முழங்காலளவுத் தண்ணீர். மாடிகளில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தோம். பிற்பகலில் தெருவிலுள்ள அண்ணன்மார் நாலைந்து பேர் கடப்பாரையோடு வந்தார்கள். தண்ணீருக்குள் காலால் தடவித் தடவிப் பாதாள சாக்கடையின் இரும்பு மூடியைக் கண்டுபிடித்தார்கள், நெம்பித் திறந்தார்கள். தெருவில் நின்ற தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே இறங்கிற்று. ஒரு மணி நேரத்தில் ஒரு சாண் குறைந்தது. நாங்கள் மாடியிலிருந்து கைதட்டினோம். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அந்த அண்ணன்மாருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார்கள்.

இரண்டு தெரு தள்ளிப் பள்ளத்தில் ஒரு சந்து இருக்கிறது. அங்கேதான் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீடு. ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, அதை ஒட்டிய கழிப்பறை. அன்று இரவு அந்தக் கழிப்பறைக் கோப்பையிலிருந்து கறுப்பு நீர் பொங்கி வந்திருக்கிறது. அரிசிப் பானையும், பாட்டியின் பாயும், அவளுடைய பாடப் புத்தகங்களும் அதில் மிதந்திருக்கின்றன. பள்ளி திறந்தபின் எங்கள் நோட்டுப் புத்தகங்களை ஒவ்வொன்றாக வாங்கி அவள் எழுதிக்கொண்டாள். "எங்கேயிருந்துதான் வந்துச்சோ, தெரியலடி" என்றாள். எங்களுக்குத் தெரிந்திருந்தது. சொல்லவில்லை.

இந்தக் கட்டுரை அந்த மௌனத்திற்கு நாங்கள் செய்யும் பிராயச்சித்தம் என்று கொள்ளலாம்.

இரு நீர், இரு வழி

தெருவில் தண்ணீர் நின்றால் எல்லாரும் "சாக்கடை அடைத்துக்கொண்டது" என்கிறோம். உண்மையில் நம் கால்களின் கீழே ஓடுவது ஒரு வழியன்று, இரண்டு வழிகள்.

ஒன்று, மழைநீர் வடிகால். சாலை ஓரமாகச் சிமெண்டுப் பெட்டிபோல் அமைந்திருப்பது. இதைக் கட்டுவதும் தூர்வாருவதும் மாநகராட்சியின் பொறுப்பு. இதில் விழும் நீர் எவ்விதச் சுத்திகரிப்பும் இன்றிக் கால்வாய்க்கும், அங்கிருந்து கூவத்திற்கோ அடையாற்றிற்கோ பக்கிங்காம் கால்வாய்க்கோ, பின்னர்க் கடலுக்கும் போய்ச் சேரும். மழைநீர்தானே என்று அப்படி அமைத்திருக்கிறார்கள்.

மற்றொன்று, பாதாள சாக்கடை. வீடுகளின் கழிப்பறை, குளியலறை, சமையற்கட்டு ஆகியவற்றின் கழிவுநீரைக் கொண்டுசெல்வது. இது 1978-ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட குடிநீர் வழங்கல், கழிவுநீர் அகற்று வாரியத்தின் பொறுப்பு. குழாய்களில் சரிவாக ஓடிவரும் கழிவுநீர் உந்து நிலையங்களில் மேலேற்றப்பட்டு, கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி போன்ற இடங்களிலுள்ள சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அனுப்பப்படுகிறது.

இந்த இரண்டும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது என்பதுதான் இந்த ஏற்பாட்டின் அடிப்படை விதி. நம் நகரில் ஒவ்வொரு நாளும் மீறப்படுகிற விதியும் அதுவே.

மழைநீரைப் பாதாள சாக்கடையில் விட்டால் என்ன ஆகும்? அந்தக் குழாய் மழைக்காகப் போடப்பட்டதன்று. அது நிரம்பியதும் உந்து நிலையத்தால் இறைத்து மாளாது. நீர் வந்த வழியே திரும்பும். தாழ்ந்த இடத்தில் உள்ள வீட்டின் கழிப்பறைதான் அதற்கு முதலில் கிடைக்கும் திறந்த வாய். நாங்கள் திறந்த மூடி எங்கள் தோழியின் வீட்டில் திறந்துகொண்டது இப்படித்தான்.

கழிவுநீரை மழைநீர் வடிகாலில் விட்டால்? கோடையிலும் வடிகாலில் கறுப்பு நீர் ஓடும். கொசு பெருகும். வண்டல் படிந்து வடிகாலின் கொள்ளளவு குறையும். ஐப்பசியில் மழை வரும்போது அதற்கு இடம் இருக்காது. சுத்திகரிக்கப்படாத மலநீர் ஆற்றுக்குப் போகும். கூவம் நாறுகிறது என்று முகம் சுளிக்கும் நம்மில் எத்தனை பேர், நம் வீட்டுக் கழிவுநீர் எந்த வழியில் போகிறது என்று பார்த்திருக்கிறோம்?

ஒரு கிரவுண்டுக் கணக்கு

நாங்கள் கணக்குப் பாடத்தில் படித்ததை வைத்து ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தோம். தோழியரும் தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உடன் வரலாம்.

எங்கள் தெருவில் ஒரு கிரவுண்டு மனையில் ஒரு பழைய ஓட்டு வீடு இருந்தது. ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. ஏறத்தாழ 223 சதுர மீட்டர். அவ்வீட்டில் ஆறு பேர் இருந்தனர். முன்னால் ஒரு மாமரம், பின்னால் கிணறு, துவைக்கும் கல், வாழை. மனையில் பாதி மண்ணாகவே கிடந்தது. இன்று அங்கே ஆறு வீடுகள் கொண்ட அடுக்கு மாடி நிற்கிறது. வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 24 பேர். மனை முழுவதும் வண்டி நிறுத்துவதற்காகச் சிமெண்டுக் கல் பதித்தாகிவிட்டது.

நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் என்பது பொறியாளர்கள் கொள்ளும் அளவு. அதில் 80 விழுக்காடு கழிவுநீராக வெளியேறும் என்பதும் அவர்கள் கணக்கே. அப்படியானால் பழைய வீட்டிலிருந்து நாளொன்றுக்கு வெளியேறிய கழிவுநீர் 648 லிட்டர். புதிய கட்டடத்திலிருந்து வெளியேறுவது 2,592 லிட்டர். சரியாக நான்கு மடங்கு. தெருவில் உள்ள குழாயோ அதே பழைய குழாய்.

இனி மழையைப் பார்ப்போம். ஒரே நாளில் 10 செண்டிமீட்டர் மழை பெய்தால் அந்த ஒரு கிரவுண்டில் விழும் நீர் 22,300 லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் டேங்கர் லாரிகள் இரண்டில் ஏறக்குறைய நிரம்பும் தண்ணீர். முன்பு இதில் ஒரு பகுதியை மாமரத்தடி மண் குடித்துக்கொண்டது; மீதிதான் மெல்லத் தெருவுக்கு வந்தது. இப்போது ஏறக்குறைய முழுவதும் சில நிமிடங்களில் வாசலைத் தாண்டுகிறது. இத்தகைய 40 மனைகள் உள்ள தெருவில் ஏறக்குறைய 9 லட்சம் லிட்டர்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த ஆறு வீடுகளின் ஒரு நாள் கழிவுநீரைப் போல் எட்டு மடங்குக்கும் மேற்பட்டது அன்று அந்த மனையில் விழும் மழைநீர். கழிவுநீருக்காகப் போட்ட குழாயில் மழைநீரைத் திருப்புவது எத்தகைய பேதைமை என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டுவதில்லை.

இதுவும் 10 செண்டிமீட்டருக்கான கணக்குத்தான். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 செண்டிமீட்டர். அத்தகைய மழையை எந்த வடிகாலும் முழுவதுமாகத் தாங்காது. ஆனால் ஆண்டுதோறும் வரும் சாதாரண மழைக்கே நம் தெரு குளமாவதற்கு வானத்தைக் குறை கூற முடியாது.

மறந்துபோன ஏரிகள்

நம் முன்னோருக்கு இந்தக் கணக்குத் தெரிந்திருந்தது. சென்னையையும் செங்கற்பட்டையும் சுற்றியுள்ள நிலம் மிகத் தட்டையானது. கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரமே உள்ள இடங்கள் பல. அவ்வளவு சொற்பச் சரிவில் மழைநீர் தானாக ஓடிவிடாது, தங்கித்தான் போகும். ஆகவே அது தங்குவதற்கு ஏரிகளை அமைத்தார்கள். ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்கு நீர் போகும். வரத்துக் கால்வாயையும் போக்குக் கால்வாயையும் ஊரே கூடிச் செப்பனிடும். அதற்குக் குடிமராமத்து என்று பெயர்.

இன்று பட்டுப்புடவையும் பாத்திரமும் வாங்க நாம் செல்லும் தியாகராயநகர் ஒரு காலத்தில் ஏரி. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த அந்த ஏரியின் மாம்பலம் பகுதியை 1920-களில் வற்றச் செய்துதான் அந்த நகரை அமைத்தார்கள். நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில்தான் 1976-இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. ஏரி போய்விட்டது, பெயர் மட்டும் போகவில்லை. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' உண்டு. நுங்கம்பாக்கத்தில் 'டேங்க் பண்ட் ரோடு' உண்டு. ஏரியைப் பார்க்கும் சாலையில் நின்றால் இன்று ஏரி தெரியாது. ஆனால் நல்ல மழை பெய்தால் தெரியும்! 2021-ஆம் ஆண்டு நவம்பரில் தியாகராயநகர் நாள்கணக்கில் நீரில் நின்றதை நாடே பார்த்தது. தண்ணீர் தன் பழைய முகவரியை மறப்பதில்லை.

பாதாள சாக்கடையின் கதையும் இதைப் போன்றதே. நகருக்கு 1910-ஆம் ஆண்டு வகுத்த கழிவுநீர்த் திட்டத்தில், 1961-ஆம் ஆண்டில் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள் என்று கணித்திருந்தார்கள். ஐம்பது ஆண்டு தள்ளிச் சிந்தித்த அந்தப் பொறியாளர்களைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் 1961-இல் மக்கள் தொகைக் கணக்கெடுத்தபோது நகரில் இருந்தவர்கள் 17 லட்சத்துக்கும் மேல். 2011-இல் பழைய நகர எல்லைக்குள் மட்டும் 46 லட்சத்துக்கும் மேல். அதே 2011-இல் மாநகராட்சியின் பரப்பு 176 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. இடையில் குழாய்களும் உந்து நிலையங்களும் சேர்க்கப்பட்டன; இன்னும் சேர்க்கப்பட்டு வருகின்றன. எனினும் வீடு ஓராண்டில் எழுந்துவிடுகிறது. குழாய் வருவதற்குப் பத்தாண்டு ஆகிறது. இந்த இடைவெளியில்தான் நாம் வாழ்ந்துகொண்டிருக்கிறோம்.

மாடி வீடுகள் குற்றவாளிகளா?

இவ்வளவும் கேட்ட எங்கள் தாத்தாமார் சிலர், "அடுக்கு மாடிகளையே தடை செய்துவிட்டால் சரியாய்ப் போகும்" என்றார்கள். அவர்கள் மீது எங்களுக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆயினும் இதில் நாங்கள் மாறுபடுகிறோம்.

அந்த ஆறு வீடுகளில் இருப்பவர்கள் யார்? வேலைக்காக மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்தவர்கள். நம் வகுப்பில் நம்மோடு ஒரே பெஞ்சில் அமர்ந்திருப்பவர்கள். நகர் மேல்நோக்கி வளராவிட்டால் பக்கவாட்டில் வளரும். அப்போது விழுங்கப்படுவது எஞ்சியுள்ள ஏரிகளும் வயல்களும் சதுப்பு நிலங்களுமே. 2022-ஆம் ஆண்டு ராம்சார் பட்டியலில் இடம் பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் குப்பைக்கும் கட்டடங்களுக்கும் தன் பெரும்பகுதியை இழந்தபின்தான் உலகின் கண்ணில் பட்டது. தென்சென்னையின் மழைநீர் தங்கிப் போகும் பெருந்தொட்டி அது. அதை இழந்து தனி வீடுகளில் வாழ்வதைவிட, நெருங்கி வாழ்ந்து அதைக் காப்பதே அறிவுடைமை.

ஆகவே மாடி எழுவது குற்றமன்று. மாடியை எண்ணுபவர்கள் குழாயை எண்ணாததுதான் குற்றம். 2019-ஆம் ஆண்டு வந்த புதிய கட்டட விதிகள், உயரம் குறைந்த கட்டடங்களுக்கு மனைப்பரப்பில் ஒன்றரை மடங்காக இருந்த தளப்பரப்பை இரண்டு மடங்காக உயர்த்தின. ஒவ்வொரு மனைக்கும் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். அந்தத் தெருவின் சாக்கடைக் குழாய்க்கும் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் இடம் இருக்கிறதா என்று பார்த்தபின்னரே அனுமதி தரவேண்டும் என்பது எங்கள் கருத்து.

குழிக்குள் இறங்குபவர்

இந்த விஷயத்தில் வெள்ளத்தைவிடக் கொடியது ஒன்று உண்டு. அடைத்துக்கொண்ட குழாயை யார் சரி செய்கிறார்கள்?

பாதாள சாக்கடைக்குள் மீத்தேன், ஹைட்ரஜன் சல்பைடு போன்ற ஆபத்தான வாயுக்கள் தேங்கியிருக்கும். ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டைபோல் நாறும். அளவு மிகுந்தாலோ மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். ஆபத்து நீங்கிற்று என்று எண்ணும் நேரத்தில் மனிதன் மயங்கி விழுவான். அவனைத் தூக்க இறங்குபவனும் விழுவான். ஒருவருக்குப் பின் ஒருவராக இருவர் மூவர் இறந்த செய்தியைச் செய்தித்தாளில் எத்தனை முறை படித்திருக்கிறோம்!

2013-ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பின்றி மனிதரைச் சாக்கடைக்குள்ளோ கழிவுநீர்த் தொட்டிக்குள்ளோ இறக்குவதைக் குற்றம் என்கிறது. 2023-ஆம் ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம், சாக்கடையில் இறப்பவரின் குடும்பத்துக்குத் தரவேண்டிய இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. சட்டமும் தீர்ப்பும் இருந்தும் சாவு நின்றபாடில்லை. "ஐந்நூறு ரூபாய் கொடுத்தால் ஆள் வந்து இறங்கிச் சுத்தம் செய்துவிடுவான்" என்று சொல்லும் வீட்டுக்காரர்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். காசு கொடுப்பதால் அது வேலை ஆகிவிடாது. அவருடைய மகளும் நம்மைப்போல் சீருடை அணிந்து எங்கோ ஒரு பள்ளியில் படித்துக்கொண்டிருப்பாள்.

குழாய் எதனால் அடைக்கிறது? மண்ணும் எண்ணெய்ப் பிசுக்கும் துணியும் பிளாஸ்டிக்கும் மட்டுமல்ல. நாங்கள் இதை எழுதத் தயங்கினோம். பெண்கள் பள்ளியின் மலரில் எழுதாவிட்டால் வேறு எங்கே எழுதுவது? மாதவிலக்கு நாள்களில் நாம் பயன்படுத்தும் நாப்கின்களைக் கழிப்பறையில் போட்டு நீரை ஊற்றிவிடும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. நீரை உறிஞ்சி ஊதிப்போகும் அது, குழாய் வளைவில் கல்போல் இறுகிக்கொள்ளும். அதை எடுக்க ஒரு மனிதர் கையை விடுகிறார். சில வேளை உயிரையும் விடுகிறார். காகிதத்தில் சுற்றித் தனியாகக் குப்பையில் சேர்க்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே கூறின. வெட்கத்தால் நாம் மறைக்கும் ஒரு பொருள் இன்னொருவருக்குச் சாவுக்குழி ஆகலாம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும், தோழியரே!

வெள்ளமும் பஞ்சமும்

2015-இல் நீரில் மூழ்கிய இதே நகரம் 2019-இல் நீரின்றித் தவித்தது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் வறண்டன. ஜூலைத் திங்களில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்தது. நான்கே ஆண்டு இடைவெளியில் ஒரே ஊர் இரண்டு துன்பங்களையும் கண்டது என்றால், குறை மழையிடம் இல்லை. அதை நாம் நடத்தும் முறையில் இருக்கிறது.

சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 140 செண்டிமீட்டர் மழை பெய்கிறது. ஒரு கிரவுண்டில் இது 3 லட்சம் லிட்டருக்கும் மேல். அந்த ஆறு வீடுகளின் ஆண்டுத் தேவையில் கால்பங்கு! 2003-ஆம் ஆண்டிலேயே எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பைத் தமிழக அரசு கட்டாயமாக்கியது. அந்நாளில் நிலத்தடி நீர் உயர்ந்ததைப் பெற்றோர் இன்றும் சொல்வார்கள். ஆனால் மொட்டை மாடியிலிருந்து இறங்கும் குழாய் எங்கே முடிகிறது என்று இன்று போய்ப் பாருங்கள். பல வீடுகளில் கசிவுக் குழியில் மண் மூடிக் கிடக்கும். சில வீடுகளில் குழாய் நேரே தெருவுக்கு வந்திருக்கும். இன்னும் சில வீடுகளில், சொல்லவே கூசுகிறது, பாதாள சாக்கடையில் சேர்ந்திருக்கும்.

கழிவுநீரும் வீணானதன்று. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019-இல் தொடங்கப்பட்ட நிலையங்கள் ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை மேலும் தூய்மைப்படுத்தித் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் வகையில் அமைக்கப்பட்டவை. அந்த அளவுக்கு நல்ல நீர் மக்கள் குடிப்பதற்கு மிஞ்சுகிறது. ஆனால் நிலையத்துக்கு வந்து சேர்ந்தால்தானே தூய்மைப்படுத்த முடியும்? திருட்டுத்தனமாக வடிகாலில் விட்ட நீர் ஆற்றுக்குத்தான் போகும்.

நாங்கள் வேண்டுவன

அரசினரிடமும் மாநகராட்சியிடமும் நாங்கள் கேட்பவை சில. வடிகாலுக்கு ஓர் அலுவலகம், சாக்கடைக்கு ஓர் அலுவலகம் என்று இருப்பதில் தவறில்லை. இரண்டுக்கும் ஒரே வரைபடம் இருக்கட்டும், அதை மக்களும் பார்க்கட்டும். புதிய மாடிக்கு அனுமதி தருமுன் அந்தத் தெருவின் குழாய் தாங்குமா என்று கணக்கிட்டுச் சொல்லட்டும். வடிகாலில் கள்ள இணைப்பு வைத்திருப்பவர்களைத் தேடும்போது முதலில் பெரிய கட்டடங்களின் வாசலில் நிற்கட்டும். பாதாள சாக்கடையே போய்ச் சேராத குடிசைப் பகுதிகளுக்கு முதலில் இணைப்புக் கொடுத்துவிட்டுப் பிறகு சட்டம் பேசட்டும். பள்ளத்திலுள்ள வீடுகளுக்குக் கழிவுநீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வுகளைப் பொருத்தித் தரட்டும். பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டு வீடுகளைப் பள்ளமாக்குவதை நிறுத்தட்டும். அடைப்பெடுக்க இயந்திரம் இறங்கட்டும். மனிதர் இறங்க வேண்டா.

நல்லது நடப்பதையும் சொல்லத்தான் வேண்டும். கிண்டியில் குதிரைப்பந்தயம் நடந்த நிலத்தில் 2024-இல் மழைநீர் தங்கக் குளங்கள் வெட்டினார்கள். இழந்த ஏரிகளுக்கு அவை ஈடாகா. ஆனால் வழி அதுதான்.

பெற்றோரிடம் கேட்பது ஒன்று. ஆவணி, புரட்டாசியில், மழை வருமுன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடியைக் கூட்டிக் கசிவுக் குழியின் மணலையும் ஜல்லியையும் கழுவிப் போடுங்கள். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது நீங்கள் எங்களுக்குச் சொன்ன பழமொழிதான். வடிகால் அடைத்தால் மாநகராட்சிக்கு 1913, சாக்கடை பொங்கினால் வாரியத்துக்கு 1916 என்ற எண்களில் சொல்லுங்கள். கடப்பாரையை எடுக்காதீர்கள். மூடி திறந்து கிடக்கும் குழியில் நீருக்கடியில் வழி தெரியாமல் ஒரு குழந்தை விழுந்துவிட்டால், நாம் யாரிடம் போய் அழுவது?

அருட்சகோதரியரிடம் கேட்பதும் ஒன்று உண்டு. பள்ளி முன்முற்றம் முழுவதும் சிமெண்டுக் கல் பதித்தபோது மிகவும் மகிழ்ந்தவர்கள் நாங்கள்தாம். காலில் சேறு படவில்லை. வெள்ளைக் காலுறை வெள்ளையாகவே இருந்தது. ஆனால் அந்த முற்றத்து நீரெல்லாம் இப்போது வாயில் வழியே தெருவுக்கு ஓடி, பள்ளத்துச் சந்தை நோக்கித்தான் போகிறது. வேலியோரமாக ஒரு பகுதிக் கல்லைப் பெயர்த்து, மண்ணாக விட்டு, இரண்டு உறைகிணறு இறக்கி, மரம் வைக்க அனுமதிக்க வேண்டுகிறோம். சேற்றை நாங்கள் பொறுத்துக்கொள்கிறோம். கழிப்பறைகளில் மூடியுள்ள குப்பைக் கூடைகள் வைத்தால், அவற்றை ஒழுங்காகப் பயன்படுத்தும் பொறுப்பை மேல்வகுப்பு மாணவியர் ஏற்கிறோம்.

தோழியரிடம் கேட்பது மிக எளிது. உங்கள் வீட்டு நீர் எங்கே போகிறது என்று இந்த வாரமே கண்டுபிடியுங்கள். மாடிக் குழாய் எங்கே முடிகிறது, கழிவறைக் குழாய் எங்கே சேர்கிறது என்று அப்பாவிடம் கேளுங்கள். அவருக்கும் தெரியாவிட்டால் இருவருமாகப் போய்ப் பாருங்கள்.

முடிவாக ஒன்று. இக்கட்டுரையை ஆசிரியையிடம் கொடுக்குமுன் அந்தத் தோழியிடம் படித்துக் காட்டினோம். அவள் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "உங்க தெருவுல நாங்க இருந்திருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்போம்டி" என்றாள். சற்றுப் பொறுத்து, "ஆனா அடுத்த தடவை திறக்கறதுக்கு முன்னாடி ஒருத்தர் வந்து எங்க வீட்டைப் பார்த்துட்டுப் போகச் சொல்லுங்க" என்றாள்.

நகரங்கள் நெருங்கி வளரத்தான் போகின்றன. நாமும் நெருங்கித்தான் வாழப் போகிறோம். நெருங்கி வாழ்பவர்கள் ஒருவர் வாசலை ஒருவர் பார்க்காமல் வாழ முடியாது. ஏனெனில் நம் வாசலில் வடியும் நீர் இன்னொருவர் வாசலில் ஏறுகிறது. நம் தெரு உலர்ந்தால் போதும் என்று இனி நாம் கைதட்ட மாட்டோம். பள்ளத்துச் சந்தும் உலர்ந்த பிறகு, அவளோடு சேர்ந்து கைதட்டுவோம்.

— பன்னிரண்டாம் வகுப்பு மாணவியர்